எது மாத்திரை, எது நான்

அரியாங்குப்பம்
14.4.2024

குழலிக்கு,

போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். தப்பித் தவறி எடுத்தாலும் என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். உன் பக்கத்து வீட்டு ராஜாம்பாள் அக்காவிடம் கேட்டேன். "பேசினாதான் ஆவலியாம்பா. கடுதாசி போட்டா படிக்கிறாளாம்" என்றார். அதனால் எழுதுகிறேன். ஐடிஐயில் லீவ் லெட்டர் எழுதியதோடு சரி, அதற்கப்புறம் இன்றைக்குத்தான் முழுத்தாளை எடுத்திருக்கிறேன். பிழை இருந்தால் சிவப்பு மையில் சுழித்து வைக்காதே. டைப்பிங் சென்டர் புத்தி உன்னைவிட்டுப் போகாது என்று எனக்குத் தெரியும்.

பாலத்தைத் தாண்டினால் அரை மணி நேரத்தில் முத்தியால்பேட்டை. அதற்குப் போய் தபால். ஸ்டாம்ப் கொடுத்தவர் முகவரியைப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

இன்று வருஷப்பிறப்பு. இங்கே வீட்டில் என் அக்கா வேப்பம்பூ பச்சடி செய்தார். சாப்பிட்டேன். நீ என்ன சாப்பிட்டாய் என்று தெரியவில்லை.

உனக்குத் தெரியாமல் ஒன்று செய்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். "மறுபடி ஸ்டீராய்டு நிறைய குடுத்திருக்கோம். தூக்கம் வராது, கோவம் வரும், எரிஞ்சு விழுவாங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றார். எனக்கு உயிர் வந்தது. அன்று நீ என் சாப்பாட்டுக் கேரியரைத் தெருவில் எறிந்தாயே, "உனக்கும் உன் அக்காளுக்கும் என் வயிறுதான் வேணும், நான் வேணாம், போ வெளிய" என்றாயே, அதெல்லாம் மாத்திரை பேசிய பேச்சு. அதை நான் உன் கணக்கில் எழுதவில்லை.

பூ முடித்த நாளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. எழுதினால் தாளைக் கிழித்துவிடுவாய். மருந்து குறைந்ததும் ஒரு வார்த்தை சொல், வந்துவிடுகிறேன்.

ராஜவேல்


முத்தியால்பேட்டை
24.4.2024

மாமாவுக்கு,

விரல் மடங்காததால் பேனாவில் துணி சுற்றிப் பிடித்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது நோய். கை நடுங்கியிருந்தால் அது மாத்திரை. இரண்டும் சேர்ந்து இருந்தால் நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எழுதமாட்டேன் என்றதை நான் எழுதுகிறேன். யாராவது ஒருவர் வரிசையாக எழுதினால்தான் எந்த இடத்தில் புத்தி கெட்டோம் என்று தெரியும்.

மூன்று வருஷமாக எனக்கு முடக்குவாதம். ஞாயிறுதோறும் போடும் வார மாத்திரையைக் கொடுக்கும்போதே டாக்டரம்மா சொன்னார்: "இது சாப்பிடுற வரைக்கும் கொழந்த உண்டாகக்கூடாதும்மா. உண்டானா கலைக்கிற மாதிரி ஆயிடும்." நாம் இருவரும் தலையாட்டினோம். போன ஐப்பசியில் கைகால் எல்லாம் பூட்டிக்கொண்டதும் அதோடு ஸ்டீராய்டும் சேர்ந்தது. ஒரே வாரத்தில் எழுந்துவிட்டேன். அதுவரை நீங்கள் சீவிவிட்ட தலையை நானே சீவினேன். தீபாவளிக்கு முறுக்குப் பிழிந்தேன். மணிக்கூண்டிலிருந்து கடற்கரை வரை நடந்தே போனோம். எனக்கு ஓயாத பசி. கன்னம் உப்பியது, வயிறும் இடுப்பும் பெருத்தன. நம் சனத்துக்கு முகம் உருண்டால் அது சுகம். தெருவே கேட்டது, "முகம் தெளிஞ்சிருக்கே, என்ன விசேஷம்?" என்று. மாதவிலக்கும் நின்றது. அதையும் மாத்திரை நிறுத்தும் என்று நமக்கு யார் சொன்னார்கள்?

கடையில் கிட் வாங்கிப் பார்த்தேன். கோடு வரவில்லை. "செல பேருக்கு அதுல காட்டாதுடி, எனக்கே காட்டல" என்றார் அண்ணி, உங்கள் அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போனால் கலைக்கச் சொல்வார்கள் என்று பயந்து அந்தப் பக்கமே போகவில்லை. தை முடியும்போது, பிள்ளைக்கு ஆகாது என்று எல்லா மாத்திரையையும் ஒரே நாளில் நிறுத்தினேன். நிறுத்தியதும் வாந்தி, தலைசுற்றல், எழ முடியாத அசதி. மசக்கை என்றார் அண்ணி. மாங்காய் அரிந்து உப்புத் தடவிக் கொடுத்தார். நானும் சந்தோஷமாகத் தின்றேன் மாமா. ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு அப்படித்தான் துவண்டு போகுமாம். பின்னால் சொன்னார்கள்.

ஐந்தாம் மாதப் பூ முடிக்க என்னை மணையில் உட்கார வைத்தீர்கள். பூவோடுதான் விழுந்தேன். பூவோடுதான் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லை.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். கோபப்பட்டது நான் இல்லை, மாத்திரை என்கிறீர்கள். பெரிய மனசு. அப்படியானால் தீபாவளிக்கு உங்களோடு சிரித்தது யார்? ராத்திரி சாப்பிட்டபின் உங்கள் முதுகில் சாய்ந்துகொண்டு பழைய பாட்டெல்லாம் பாடியது யார்? அதுவும் அதே மாத்திரைதான், அதே அளவுதான். கெட்டதை மட்டும் மாத்திரை தலையில் கட்டிவிட்டு நல்லதை என் பேரில் வைத்துக்கொள்ள முடியாது. இரண்டையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. தெரியும்வரை நீங்கள் வரவேண்டாம்.

கார்குழலி


அரியாங்குப்பம்
5.5.2024

குழலிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேலையில் புத்தி ஓடவில்லை. ஒரு ஷாஃப்டை அளவு குறைத்துக் கடைந்துவிட்டேன். சூப்பர்வைசர் கழுவிக் கழுவி ஊற்றினான். இருக்கிற ஒரு தீபாவளியையும் என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாயே, உனக்கு அப்படி என்ன செய்தேன்?

அக்காவை நீ திட்டு, தப்பில்லை. அவர் இந்த வீட்டில் என் முகத்தைப் பார்ப்பதே இல்லை. சோறு போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார். மாங்காய் விற்கிறவள் தெருவில் கூவினால் எழுந்து போய்க் கதவைச் சாத்துகிறார்.

எனக்குத் தெரிந்தது லேத்து ஒன்றுதான். மெஷினில் சத்தம் வந்தால் ஒவ்வொரு பாகமாக நிறுத்திப் பார்ப்போம். எதை நிறுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதில்தான் கோளாறு. டாக்டரம்மாவிடம் சொல்லி ஒவ்வொரு மாத்திரையாக நிறுத்திப் பார்க்கக்கூடாதா? எது நோய், எது மாத்திரை என்று ஒரு முடிவு தெரிந்துவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், காறித் துப்பினாலும் சரி. அந்தச் சிரிப்பு மாத்திரைதான் என்றால், கொஞ்சமாவது கூட்டிக் கொடுக்கச் சொல்லக்கூடாதா என்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். நினைத்தபிறகு எனக்கே அசிங்கமாக இருந்தது.

ராஜவேல்


முத்தியால்பேட்டை
30.5.2024

மாமாவுக்கு,

நான் லேத் இல்லை. நிறுத்திப் பார்த்தோமே, தை மாதம். என்ன ஆயிற்று?

துப்பவில்லை. நானும் அதையே நினைத்தேன். மாத்திரைப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு போட்டால் மறுபடி எழுந்து முறுக்குப் பிழிவேனா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மாவிடம் கேட்டும்விட்டேன். "எலும்பு உள்ளுக்குள்ள அரிச்சிரும்மா. சர்க்கரை ஏற்கெனவே ஏறிக்கெடக்கு. கொறைச்சுதான் ஆவணும்" என்றார். குறைத்துக்கொண்டே வருகிறார்கள்.

குறைக்கக் குறைக்க எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாடிப்படி ஏறினால் தொடை நடுங்குகிறது. மூட்டு வீங்கியதாலா, ஸ்டீராய்டு சதையைத் தின்றதாலா? வாயெல்லாம் புண். நோய்க்கும் புண் வருமாம், வார மாத்திரைக்கும் வருமாம். அசதி நோய்க்கும் உண்டு, மாத்திரைக்கும் உண்டு, மாத்திரையைக் குறைத்தாலும் உண்டு. டாக்டரம்மா கெட்டவர் இல்லை. ஒருநாள் பேனாவை வைத்துவிட்டுச் சொன்னார், "எனக்கே சில சமயம் தெரியாதும்மா. பாத்துப் பாத்துதான் சொல்லணும்." படித்தவர் அப்படிச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. அந்த அழுகை எதில் சேர்த்தி என்று கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை வார மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருக்கிறார்கள். திங்கட்கிழமை முழுக்க நெஞ்சில் குமட்டல். செவ்வாய்க்கிழமை சரியாகிவிடுகிறது.

சிலிண்டர் தீரப்போகிறது. புதுசு வந்து வாசலில் நிற்கிறது. ரெகுலேட்டரைத் திருக என் விரலுக்குப் பலமில்லை. ராஜாம்பாள் அக்காவுக்குக் கேஸ் என்றாலே பயம். சும்மா செய்தி சொன்னேன்.

கார்குழலி


அரியாங்குப்பம்
16.6.2024

குழலிக்கு,

சிலிண்டர் மாட்ட வந்தவன் மழைக்கு நின்றேன். மழை விட்டது. நான் கிளம்பவில்லை, நீயும் போகச் சொல்லவில்லை. அதைப் பற்றி வேறு எதுவும் எழுதமாட்டேன். அக்கா கேட்டதற்கு, தோழன் வீட்டில் தங்கினேன் என்று பொய் சொன்னேன். சொந்தப் பெண்டாட்டியோடு இருந்ததற்குப் பொய் சொன்ன ஆள் புதுச்சேரியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆனால் காலையில் உன் விரல்கள் பூட்டிக்கிடந்தன. எப்போதும் போலச் சுடுதண்ணீரில் நனைத்து நீவிவிடலாம் என்று கையைப் பிடித்தேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டாய். "பஸ்ஸு வந்துரும், கெளம்பு" என்றாய். ராத்திரி இருந்தவள் யார், காலையில் இருந்தவள் யார்? உன் கேள்வியை நானும் கேட்க ஆரம்பித்துவிட்டேன் பார். எனக்கு இது பிடிக்கவில்லை.

ராஜவேல்


முத்தியால்பேட்டை
1.8.2024

மாமாவுக்கு,

பதில் போடாமல் இருந்ததற்குக் கோபம் காரணம் இல்லை. உடம்பு முடியவில்லை.

அன்று கையை ஏன் இழுத்தேன் என்று கேட்டீர்கள். நீங்கள் நீவும்போது என் விரலைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்க்கிறீர்கள். இவள் இன்றைக்கு எந்த ஆள் என்று பார்க்கிறீர்கள். அந்தப் பார்வை எனக்குத் தாங்கவில்லை.

இப்போது ஸ்டீராய்டு மிகவும் குறைந்துவிட்டது. கன்னம் வடிந்துவிட்டது. நேற்று கண்ணாடியில் பழைய ஆள் தெரிந்தாள். கோபம் வருவதில்லை. எதிர்வீட்டுக்காரன் வாசலில் குப்பையைத் தள்ளினால்கூட வருவதில்லை. சந்தோஷமும் வருவதில்லை. ஆக மிச்சம் என்ன என்று கேட்டேனே, மிச்சம் இதுதான். வலியும் நானும்.

தொந்தரவு இப்போது வார மாத்திரைதான். முன்பு திங்கட்கிழமைக் குமட்டலோடு போய்விடும். இப்போது ஆனி பாதியிலிருந்து தினமும் காலையில் வாந்தி. தாளிக்கும் வாசனை ஆகவில்லை. டாக்டரம்மாவிடம் சொன்னேன். "வீட்டுக்காரர் கூட இருக்காரா? நாள் தள்ளிப் போச்சா?" என்று கேட்டார். அவர் அரியாங்குப்பத்தில் இருக்கிறார், எனக்கு எப்போதும் ஒழுங்காக வந்ததில்லை என்றேன். இரண்டும் உண்மைதானே. ஒரு ராத்திரிக் கதையை அந்தக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? எதற்கும் ஒரு டெஸ்ட் பண்ணிடலாமா என்றார். வேண்டாம் மேடம், ஒருதரம் பட்டது போதும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். வாந்திக்கு ஃபோலிக் மாத்திரையைக் கூட்டி, வார மாத்திரையைக் காலை பாதி, இரவு பாதியாகப் போடச் சொன்னார்.

ராஜாம்பாள் அக்கா வந்து, "புளிப்பா ஏதாவது கேக்குதாடி?" என்று குசுகுசுவென்று கேட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கதவைச் சாத்திவிட்டேன். போன தடவை மருந்துக் கடையில் கிட் கேட்டபோது அந்தப் பெண் சிரித்து வாழ்த்துச் சொன்னாள். பூ முடித்த கதை அவளுக்கும் தெரிந்திருக்கும். அதே கடையில் போய் இன்னொரு முறை கேட்க எனக்கு முகமில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? குமட்டல் வரும் என்று மாத்திரை அட்டைப்பெட்டிக்குள் இருக்கும் தாளிலேயே போட்டிருக்கிறது. இந்த முறை என் உடம்பு என்னை ஏமாற்ற முடியாது. சூடு கண்ட பூனை நான்.

கார்குழலி


அரியாங்குப்பம்
11.8.2024

என் குழலிக்கு,

ஆடியில் புதுப்பெண்ணைத்தான் புருஷனிடமிருந்து பிரிப்பார்கள். நாம் சித்திரைக்கு முன்பே பிரிந்துவிட்டோம். போதும். ஆவணி பிறந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன். அக்காவிடமும் சொல்லிவிட்டேன். தலையை மட்டும் ஆட்டினார்.

சந்தோஷம் வரவில்லை என்று எழுதியிருந்தாய். வராவிட்டால் போகட்டும். கோபமும் வேண்டாம், சிரிப்பும் வேண்டாம். வீட்டில் நீ ஒரு பக்கம் படுத்திரு, நான் ஒரு பக்கம் இருக்கிறேன். சிலிண்டர் மாட்ட ஒரு ஆள், தலை சீவ ஒரு ஆள். எத்தனையோ வீட்டில் அதுகூட இல்லை. உன் முகத்தை இனிமேல் அப்படிப் பார்க்கமாட்டேன். பழகிக்கொள்கிறேன்.

வாந்தி விஷயத்தில் நீ நினைத்தது சரி. எங்கள் கம்பெனிக்குப் பக்கத்து மருந்துக் கடையில் மாத்திரை பேரைச் சொல்லிக் கேட்டேன். இதற்கு வாந்தி சகஜம் என்றார் கடைக்காரர். கெட்டிக்காரி, மறுபடி ஏமாறாமல் பிடித்துவிட்டாய். வாந்தி நிற்க அவர் கொடுத்த மாத்திரையை ராஜாம்பாள் அக்கா மகளிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். வார மாத்திரையை மட்டும் தப்பித்தவறியும் நிறுத்திவிடாதே. கஷ்டமாக இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு போடு. ஒருமுறை நிறுத்திப் பட்டது போதும்.

உன்
ராஜவேல்


முத்தியால்பேட்டை
9.9.2024

மாமாவுக்கு,

ஆவணி முதல் நாள் நீங்கள் பெட்டியோடு வந்து, பூட்டியிருந்த கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனீர்கள் என்று ராஜாம்பாள் அக்கா சொன்னார். அதற்கப்புறமும் இரண்டு தடவை வந்தீர்களாம். நான் எங்கே இருக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தேன். அவர்மேல் கோபப்படாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய மாத்திரையில் வாந்தி மட்டுப்பட்டது. வார மாத்திரையையும் விடாமல் போட்டேன். ஆடிக் கடைசியில் அடிவயிறு இழுத்துப் பிடித்து, துணியில் இரத்தம் பட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். மாசியில் ஒன்றும் இல்லை என்று சொன்ன அதே அறை. ஸ்கேன் எடுத்த பெண் முதலில் ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தாள். பிறகு பாதியில் எழுந்து வெளியே போனாள். டாக்டரம்மாவே வந்து பார்த்தார். என் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து பேசி நான் பார்த்ததில்லை.

இருந்தது மாமா. இந்த முறை இருந்தது. நெஞ்சு துடிக்கிறது என்று நான் கேட்டபிறகு சொன்னார். ஆனால் மண்டை எலும்பு மூடவில்லை. கைகளும் சரியாக வளரவில்லை. பிறந்தாலும் தங்காது என்றார். "மாத்திரையாலயா மேடம்?" என்று கேட்டேன். "இருக்கலாம்மா. அது இல்லாமலும் சில பேருக்கு இப்படி ஆவுறதுண்டு. இதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாது. டெஸ்ட் வேணாம்னப்ப நானாவது விட்டிருக்கக்கூடாது" என்றார். இதிலும் ஒரு முடிவு தெரியவில்லை பாருங்கள்.

கலைக்க நானே சம்மதம் சொன்னேன். பேனா பிடிக்க விரல் வரவில்லை. துணி சுற்றித் தர யாரும் இல்லை. கைநாட்டு வைத்தேன். ஊருக்கெல்லாம் மனு டைப் அடித்துக் கொடுத்தவளின் கைநாட்டு. புருஷன் எங்கே என்று நர்ஸ் கேட்டாள். வெளியூர் என்றேன். அரியாங்குப்பத்தை வெளியூர் ஆக்கிவிட்டேன்.

உங்களுக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். முதல் தடவை இல்லாத பிள்ளைக்கு அத்தனை பேரும் கூடி நின்று சந்தோஷப்பட்டோம். இருந்த பிள்ளையை நான் தினமும் காலையில் திட்டினேன். சனியன் பிடித்த மாத்திரை, என்றைக்குத்தான் விடுமோ என்று ஓங்கரித்துக்கொண்டே திட்டினேன். வேறு யார் காதிலும் அது விழவில்லை. பிள்ளைக்கு மட்டும் கேட்டிருக்கும். இதை உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல என்னால் முடியாது. நீங்களும் பல்லைக் கடித்துப் போடு என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை எரித்துவிட்டேன். நீங்களும் மறந்துவிடுங்கள். அண்ணிக்கு ஒருபோதும் தெரிய வேண்டாம்.

நீங்கள் இனி வரவேண்டாம். ஏன் என்றால் நீங்கள் நல்லவர். வந்தால் இதையும் என் கணக்கில் எழுதாமல் விட்டுவிடுவீர்கள். உங்கள் கணக்கிலும் எழுதாமல், இரண்டு பேரும் மாத்திரை மேல் போட்டுவிட்டு ஒரே வீட்டில் உட்கார்ந்திருப்போம். என்னால் அப்படி இருக்க முடியாது.

வார மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கலாம், இனி தடையில்லை என்று சொல்லிவிட்டார்கள். நேற்று ஞாயிற்றுக்கிழமை. அதே மாத்திரை, அதே அளவு. இன்று காலையில் எழுந்ததும் பழக்கத்தில் கொல்லைப்புறம் போய், சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன். வெயில் ஏறும்வரை நின்றேன். லேசாகக் குமட்டியது. அவ்வளவுதான், வாந்தி வரவில்லை. வித்தியாசம் இப்போது தெரிகிறது மாமா.

கார்குழலி